பம்பும் பூச்சும்: ஸ்டீரொயிட் மருந்துகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் முட்டு (ஆஸ்துமா) வருத்தக்காரர் வீடுகளில் அடிக்கடி காணும் காட்சி இது. கிளினிக்கில் தந்த, வாயால் இழுக்கும் பிரௌன் பம்ப் அலுமாரிக்குள் தூங்கும். "அது ஸ்டீரொயிட், பழகிப்போகும்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அதே வீட்டில் வீரியமான ஸ்டீரொயிட் கிறீம் ஒன்று கண்ணாடிக்கு முன்னால் கிடக்கும். தேமல், படை, பரு, நுளம்புக்கடி எல்லாவற்றுக்கும் வீட்டில் எல்லோரும் பூசுவார்கள். பயப்பட வேண்டிய மருந்துக்குப் பயமில்லை, பயப்படத் தேவையில்லாத மருந்துக்குப் பயம். கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி இந்தத் தலைகீழ்க் கணக்கைச் சரிசெய்வதற்குத்தான்.

ஸ்டீரொயிட் என்றால் ஜிம்முக்குப் போகிற பெடியள் போடுகிற ஊசியா?

இல்லை. அது ஆண் ஹோர்மோனைப் போன்ற, தசையைப் பெருக்கும் வகை. முட்டுக்கும் தோலுக்கும் தருவது கோர்ட்டிக்கோஸ்டீரொயிட். சிறுநீரகத்துக்கு மேல் தொப்பி போல இருக்கும் சுரப்பி தினமும் சுரக்கிற கோர்ட்டிசோலின் செயற்கை உறவினர்கள் இவை. இந்த ஹோர்மோன்களைப் பற்றிய ஆய்வுக்காக கென்டல், ரைஷ்டைன், ஹென்ச் மூவருக்கும் 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. 1952இல் ஹைட்ரோகோர்ட்டிசோன் தோலில் பூசினால் வேலை செய்கிறது என்று தெரிந்தது. 1972இல் பெக்ளோமெத்தசோன் பம்ப் வந்தது. அதுவரை கடும் முட்டுக்காரர் குளிசையைத்தான் வருடக்கணக்காக விழுங்கினார்கள். முகம் ஊதி, எலும்பு உக்கி, கண் மங்கிப்போனவர்கள் அவர்கள்தான். ஸ்டீரொயிட் பற்றிய இன்றைய பயத்தில் பாதி அந்தக் காலத்துச் சொத்து.

இந்த மருந்து வீக்கத்தையும் சிவப்பையும் அரிப்பையும் தணிக்கும். கிருமியையோ பங்கசையோ கொல்லாது. இதை நினைவில் வைத்திருங்கள், தோல் பகுதியில் திரும்பவும் தேவைப்படும்.

எனக்கு இரண்டு பம்ப் தந்திருக்கிறார்கள். எது எதற்கு?

பெரும்பாலும் நீல நிறத்தில் வருவது சல்பியூட்டமோல். இறுகிய மூச்சுக்குழாய்த் தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும், நாலு முதல் ஆறு மணித்தியாலம் வரை தாக்குப்பிடிக்கும். அதில் ஸ்டீரொயிட் கிடையாது. மற்றது, மேலே சொன்ன பிரௌன் போன்றது, தடுப்புப் பம்ப்: பெக்ளோமெத்தசோன், புடெசொனைட் அல்லது ஃபுளூட்டிக்கசோன். குழாயின் உட்சுவர் வீங்காமல் பார்ப்பது அதன் வேலை. முட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் எடுக்கவேண்டும்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கொம்பனி மாறினால் நிறமும் மாறும். ஆஸ்பத்திரிக்கு வரும் மருந்து ஒவ்வொரு முறையும் ஒரே கொம்பனியுடையதாக இருக்காது. மேலே எழுதியிருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள், அல்லது பாமசியில் கேட்டு, பிளாஸ்ரர் ஒட்டி "தினமும்" என்றும் "முட்டு வந்தால்" என்றும் எழுதிவிடுங்கள்.

கிழமையில் இரண்டு தடவைக்கு மேல் நீலப் பம்ப் தேவைப்பட்டால் முட்டு கட்டுப்பாட்டில் இல்லை என்று அர்த்தம். நீலத்தை மட்டும் வைத்துக் காலம் தள்ளுவதுதான் உண்மையில் ஆபத்து: தசை தளரும், வீக்கம் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டிகள் 2019 முதல் பெரியவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் நீலப் பம்பை மட்டும் தருவதைப் பரிந்துரைப்பதில்லை.

ஸ்டீரொயிட்டோடு மூச்சுக்குழாயைத் தளர்த்தும் மருந்தும் சேர்ந்த பம்புகளும் உண்டு. புடெசொனைட்டும் ஃபோர்மொட்டரோலும் சேர்ந்ததை, டொக்டர் அப்படிச் சொல்லியிருந்தால், முட்டு வரும்போதும் அடிக்கலாம். ஃபுளூட்டிக்கசோனும் சல்மெட்டரோலும் சேர்ந்ததை அப்படிப் பாவிக்கக்கூடாது, அது மெதுவாகத்தான் வேலையைத் தொடங்கும்.

தடுப்புப் பம்ப் அடித்து மூன்று நாளாகிறது, ஒரு மாற்றமும் இல்லையே?

இருக்காது. சில நாளில் இரவு இருமல் குறையத் தொடங்கும், முழுப்பலன் தெரிய மூன்று மாதம் வரை செல்லலாம். ஒரு மாதத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மருந்தை அல்ல, எடுக்கும் முறையை. அடுத்தது சிகரெட், சுருட்டு: புகைப்பவருக்கு இந்த மருந்து வேலை செய்வது குறைவு. மூன்றாவது வீட்டுப் புகை: நுளம்புத்திரி, சாம்பிராணி, விறகடுப்பு, வளவில் குப்பை எரிப்பது.

எவ்வளவு மருந்து உடம்புக்குள் போகிறது?

பம்பின் அளவு மைக்கிரோகிராமில். பெரியவர் ஒருவருக்குப் பெக்ளோமெத்தசோனின் வழக்கமான வகையில் ஒரு நாளைக்கு 200 முதல் 500 வரை குறைந்த அளவு, 1000 வரை நடுத்தரம், அதற்கு மேல் கூடிய அளவு. புடெசொனைட்டில் 200–400 குறைவு, 800க்கு மேல் கூடுதல். ஃபுளூட்டிக்கசோன் புரொப்பியொனேற்றில் 100–250 குறைவு, 500க்கு மேல் கூடுதல். ஆகவே மருந்து மாறும்போது எண்ணை மட்டும் ஒப்பிட்டு "இது கூட, அது குறைய" என்று முடிவு கட்டக்கூடாது.

முட்டு முற்றி ஆஸ்பத்திரிக்குப் போனால் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட்டின் 5 மில்லிகிராம் குளிசை எட்டை ஒரே தடவையில் தருவார்கள். 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்கிரோகிராம், அதுவும் ஐந்து முதல் ஏழு நாள். மருந்துக்கு மருந்து வீரியம் வேறு, எடையை வைத்து நேராகக் கணக்குப் போட முடியாதுதான். ஆனாலும் பம்புக்குப் பயந்து அதை விட்டவர், வருடத்தில் மூன்று நாலு தடவை குளிசையில் போய் முடிகிறார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

பம்பைச் சரியாக அடிப்பது எப்படி?

மூடியைக் கழற்றி வாய்ப்பகுதிக்குள் எதுவும் புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். சட்டைப்பையில் கிடந்த சில்லறை, எறும்பு எல்லாம் உள்ளே போயிருக்கலாம். நன்றாகக் குலுக்குங்கள். புதுப் பம்ப் என்றாலோ ஒரு கிழமைக்கு மேல் பாவிக்கவில்லை என்றாலோ, தாளில் போட்டிருக்கும் எண்ணிக்கைப்படி வெளியில் அடித்துவிட்டுத் தொடங்குங்கள். நிமிர்ந்து இருந்து, மூச்சை இயல்பாக வெளியே விட்டு, உதட்டால் இறுகக் கவ்வுங்கள். மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும் அதே நேரத்தில் ஒருமுறை அமத்துங்கள். மூன்று முதல் ஐந்து செக்கன் இழுத்து, பத்துச் செக்கன் அடக்கி, மெல்ல விடுங்கள். இரண்டாவது அடிக்கு முன் அரை நிமிடமாவது பொறுத்து, திரும்பவும் குலுக்குங்கள்.

பிழைக்கும் இடங்கள் இவை. முதலில் அமத்திவிட்டுப் பிறகு இழுப்பது: மருந்து நாக்கிலும் தொண்டையிலும் அடிபட்டு அங்கேயே நிற்கும். வேகமாக இழுப்பது: அப்போதும் அப்படியே. தொடர்ந்து இரண்டு முறை அமத்துவது: இரண்டாவது அடியில் மருந்தின் அளவு தவறும். முறை சரியாக இருந்தாலும் தனிப் பம்பில் நுரையீரலுக்குப் போவது பத்தில் ஒன்று இரண்டு பங்குதான், மிச்சம் தொண்டையில். அதனால்தான் ஸ்பேசர், அதாவது பம்புக்கும் வாய்க்கும் இடையில் மாட்டும் பிளாஸ்டிக் கூடு.

எத்தனை அடி மிச்சம் என்று பார்க்கக் குப்பியைத் தண்ணீரில் மிதக்கவிடுவது பலனற்ற பழைய வித்தை. மருந்து முடிந்த பிறகும் வாயு வந்துகொண்டே இருக்கும், சத்தமும் கேட்கும். எண்காட்டி இல்லாத 200 அடிப் பம்பை, காலை இரண்டு மாலை இரண்டு என்று எடுத்தால் 50 நாள். தொடங்கும் நாளிலேயே முடியும் திகதியைப் பேனையால் எழுதிவிடுங்கள்.

ஸ்பேசர் சின்னப் பிள்ளைகளுக்குத்தானே?

தடுப்புப் பம்ப் எடுக்கும் எல்லோருக்கும் நல்லது. நுரையீரலுக்குக் கூடப் போகும், தொண்டையில் படிவது குறையும். ஒரு நேரத்தில் ஒரு அடி மட்டும் உள்ளே விட்டு, உடனே மெதுவாக ஒரே ஆழ்ந்த மூச்சு, அல்லது ஐந்தாறு சாதாரண மூச்சு. நாலு வயதுக்குக் கீழே என்றால் முகமூடி, அது மூக்கையும் வாயையும் காற்றுப் போகாமல் மூடவேண்டும். பிள்ளை அழும்போது வைத்தால் மருந்து உள்ளே போவது மிகக் குறைவு. நித்திரையில் வைத்துவிடலாம் என்ற யோசனையும் பெரும்பாலும் பலிப்பதில்லை, பிள்ளை விழித்துத் தள்ளிவிடும்.

கழுவும் முறை முக்கியம். கிழமைக்கு ஒருமுறை, பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து எடுத்து, துடைக்காமல் உலரவிடுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் பிடித்து மருந்தைச் சுவரோடு இழுத்துக்கொள்ளும்.

முட்டு வந்த நேரம் ஸ்பேசர் கையில் இல்லையா? 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் புகும் அளவுக்கு ஓட்டை போட்டு நீலப் பம்பைச் செருகுங்கள். போத்தல் வாய் நோயாளியின் வாயில். முட்டு வந்த பிள்ளைகளுக்கு இது வேலை செய்வது சோதித்துக் காட்டப்பட்ட விடயம்.

ஆஸ்பத்திரியில் பம்புக்குப் பதிலாகக் கப்சூல் தந்தார்கள். குளிசை போலத்தானே இருக்கிறது?

விழுங்காதீர்கள். இது ஆச்சரியமில்லாத, ஆனால் ஓயாத பிழை. கப்சூலுக்குள் இருப்பது இழுக்கும் தூள். கருவியில் வைத்து, முறுக்கி உடைக்கும் வகையானால் முறுக்கி, பொத்தான் வகையானால் அமத்தித் துளைத்து, வாயில் கவ்வி வேகமாக, ஆழமாக இழுக்கவேண்டும். பம்புக்கு மெதுவாக, தூளுக்கு வேகமாக: இரண்டையும் மாற்றிச் செய்பவர்கள்தான் அதிகம். கருவிக்குள் ஊதக்கூடாது, மூச்சின் ஈரம் தூளைக் கட்டியாக்கும். எடுத்த பிறகு திறந்து பாருங்கள். தூள் மிச்சமிருந்தால் இன்னொருமுறை இழுங்கள். மாரி மழைக்காலத்தில் அட்டையிலிருந்து கப்சூலைக் கழற்றிப் போத்தலில் போட்டு வைக்காதீர்கள், பாவிக்கும் நேரத்தில் ஒன்று மட்டும் எடுங்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையால் இதை இழுக்க இயலாது.

வாயில் வெள்ளை படர்ந்திருக்கிறது, குரலும் கம்மிப்போச்சு. விட்டுவிடவா?

விடவேண்டாம். வெள்ளை என்பது வாயில் படிந்த மருந்து தருணம் பார்த்து வளரவிட்ட பங்கசு. நிஸ்டற்றின் துளிகளோ மைக்கொனசோல் ஜெல்லோ தருவார்கள், போய்விடும். இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வோர்ஃபரின் எடுப்பவர் மைக்கொனசோல் பாவிக்குமுன் டொக்டரிடம் சொல்லவேண்டும், இரத்தம் அளவுக்கு மீறி இளகிவிடும்.

தடுக்கும் வழி எளிது: எடுத்தவுடன் தண்ணீரால் வாயைக் கொப்பளித்து, தொண்டை வரை கரகரவென்று கழுவி, துப்புங்கள். பல் துலக்குவதற்குச் சற்று முன்பு பம்பை எடுப்பதைப் பழக்கமாக்கினால் இது தானாகவே நடந்துவிடும். முகமூடி போடும் பிள்ளைக்கு முகத்தையும் துடைத்துவிடுங்கள்.

குரல் கம்முவது வேறு விடயம், அது குரல்நாணில் மருந்து படிவதால் வருவது. கொப்பளிப்பதால் பெரிதாகக் குறையாது, ஸ்பேசர் கொஞ்சம் உதவும். ஆசிரியர், கோயிலில் தேவாரம் பாடுபவர், பள்ளிவாசல் மோதினார் போன்றவர்கள் இதைக் கிளினிக்கில் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்ப்பார்கள்.

பிள்ளை வளரமாட்டான் என்கிறார்களே?

வளர்வான். தொடங்கிய முதல் வருடத்தில் அரை முதல் ஒரு சென்ரிமீற்றர் வரை வேகம் குறையலாம். சிறு வயதில் புடெசொனைட் பல வருடம் எடுத்தவர்களை வளர்ந்த பின் அளந்தபோது, சராசரி உயரம் சுமார் 1 சென்ரிமீற்றர் குறைவாக இருந்தது. அது உண்மை, மறைக்கத் தேவையில்லை. மறுபக்கத்தில், கட்டுப்படாத முட்டும் வளர்ச்சியைக் கெடுக்கும். இரவில் நித்திரையில்லாமல் இருமுகிற பிள்ளை பள்ளிக்கூடமும் போகாது, ஓடி விளையாடாது. டொக்டர் தேடுவது முட்டை அடக்கும் மிகக் குறைந்த அளவை. ஒவ்வொரு கிளினிக்கிலும் உயரத்தை அளந்து கொப்பியில் குறிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எலும்பு, கண், சீனி வருத்தம்?

குறைந்த அளவில் இவை பெரிதாக வருவதில்லை. கூடிய அளவை வருடக்கணக்கில் எடுப்பவருக்கு எலும்பு ஐதாதல், கண்புரை, கண் அழுத்தம், தோல் கண்டுதல் ஆகியவற்றின் வாய்ப்புக் கூடும். வருடத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்டுவது புத்தி. சீனி வருத்தக்காரர் அளவு கூட்டிய பின் சில கிழமைக்குச் சீனியைக் கூட அளந்து பார்க்கலாம். புகைத்ததால் நுரையீரல் பழுதானவர்களுக்கு இந்த மருந்து நியூமோனியா வாய்ப்பைக் கூட்டும். அவர்களுக்குக் காய்ச்சலும் நிறம் மாறிய சளியும் வந்தால் தாமதிக்கக்கூடாது.

சுகமாகிவிட்டால் நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தவேண்டாம். சுமார் மூன்று மாதம் தொல்லையில்லாமல் போனால் டொக்டர் கால்வாசி முதல் அரைவாசி வரை குறைப்பார், பிறகு பார்த்து இன்னும் குறைப்பார். கூடிய அளவை நீண்டகாலம் எடுத்தவரின், சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் சுரப்பி சோம்பேறியாகியிருக்கும். திடீரென்று விட்டால் களைப்பு, சத்தி, தலைசுற்று, இரத்த அழுத்தம் விழுதல் என்று வரும். ஒப்பரேசனுக்கோ விபத்துக்கோ போனாலும் இந்த மருந்து எடுப்பதைச் சொல்லவேண்டும்.

கர்ப்பிணிகள்?

தொடரவேண்டும். வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதி செய்வது தாயின் முட்டு. புடெசொனைட் பற்றி நிறையத் தரவு உண்டு. பால் கொடுக்கும்போதும் பிரச்சினையில்லை.

நோன்பு காலத்தில்?

நாளுக்கு இரண்டு தடவை எடுக்கும் தடுப்பு மருந்தை சஹரிலும் நோன்பு துறந்த பின்பும் எடுத்தால் நாள் முழுக்கப் போதும். ரமழானுக்கு ஒரு மாதம் முன்பே கிளினிக்கில் பேசி அட்டவணையைச் சரிசெய்யுங்கள். பகலில் முட்டு வந்தால் நீலப் பம்பை உடனே எடுங்கள், பிறகு மார்க்க அறிஞரிடம் கேட்டு அந்த நோன்பைப் பற்றி முடிவெடுக்கலாம்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் பம்பை எங்கே வைப்பது?

30 பாகை செல்சியசுக்குக் கீழே. நிலாவெளி றோட்டில் வெயிலில் நிற்கும் ஓட்டோவின் கண்ணாடிக்குக் கீழே வைக்கக்கூடாது. குப்பி அழுத்தம் ஏறி வெடிக்கலாம். கடலுக்குப் போகிறவர்கள் மீன் ஐஸ் பெட்டிக்குள் வைப்பதும் பிழை: குளிர்ந்த குப்பியிலிருந்து மருந்து சரியாகச் சீறாது. தண்ணீர் புகாத பையில், நிழலில், உடம்போடு வைத்திருப்பதே போதும்.

பீனிசத்துக்குத் தந்த மூக்கு ஸ்பிரேயும் ஸ்டீரொயிட்டா?

ஃபுளூட்டிக்கசோன், மொமெட்டசோன், புடெசொனைட் என்றால் ஆம். தலையைச் சற்று முன்னால் சாய்த்து, வலது கையால் இடது மூக்குக்கும் இடது கையால் வலது மூக்குக்கும் அடியுங்கள். அப்போது முனை தானாக வெளிப்பக்கச் சுவரை நோக்கும். நடுச்சுவரில் அடித்தால் இரத்தம் கசியும். அடித்ததும் உறிஞ்சி இழுத்தால் தொண்டைக்குப் போய்விடும், மெதுவாக மூச்செடுத்தால் போதும். முழுப்பலனுக்கு இரண்டு கிழமை வரை செல்லும். உடனே மூக்கைத் திறக்கும் சைலோமெட்டசொலின் துளிகளோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதை ஐந்தாறு நாளுக்கு மேல் விட்டால் மூக்கடைப்பு இன்னும் மோசமாகித் திரும்பும்.

கிறீம்களில் எது எவ்வளவு வீரியம்?

ஹைட்ரோகோர்ட்டிசோன் 1 சதவீதம் மென்மையானது. குளோபெட்டசோன் 0.05 நடுத்தரம். பீட்டாமெத்தசோன் வலரேற் 0.1, மொமெட்டசோன் 0.1 இரண்டும் வீரியமானவை. குளோபெட்டசோல் 0.05 உச்சம், பெரியவருக்கே பொதுவாக இரண்டு கிழமை, கிழமைக்கு 50 கிராமுக்கு மேல் இல்லை. சதவீதத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்: 0.05 குளோபெட்டசோல் 1 சதவீத ஹைட்ரோகோர்ட்டிசோனைவிடப் பல நூறு மடங்கு வீரியம்.

கசியும் புண்ணுக்கும் நம் ஊர் வியர்வைக்கும் கிறீம் ஒத்துவரும். தடித்து வறண்ட தோலுக்கு ஒயின்மன்ட். தலைக்கு லோஷன்.

எவ்வளவு பூசுவது? "மெல்லிசாக" என்றால் என்ன கணக்கு?

விரல் நுனிக் கணக்கு. 5 மில்லிமீற்றர் வாயுள்ள ரியூப்பிலிருந்து, பெரியவரின் சுட்டுவிரல் நுனி முதல் முதலாவது மடிப்பு வரை நீளமாக எடுத்தால் அரை கிராம். அது விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். பெரியவருக்கு, இந்த விரல் நுனி அளவில், ஒரு கையின் மணிக்கட்டு வரை இருபக்கமும் 1, தோளிலிருந்து மணிக்கட்டு வரை 3, ஒரு கால் 6, ஒரு பாதம் 2, முகமும் கழுத்தும் 2.5, நெஞ்சும் வயிறும் 7, முதுகு 7. மூன்று முதல் ஆறு மாதக் குழந்தைக்கு, அளப்பது தாயின் விரலாலேயே: முகமும் கழுத்தும் 1, ஒரு கை 1, ஒரு கால் 1.5, முன்பக்கம் 1, பின்பக்கம் 1.5.

முழுக்காலிலும் எக்சிமா உள்ளவருக்கு நாளைக்கு 3 கிராம் என்றால் 15 கிராம் ரியூப் ஐந்து நாளில் முடிந்துவிடும். அதே ரியூப்பை மூன்று மாதம் வைத்திருப்பவருக்கு மருந்து வேலை செய்யாததில் அதிசயமில்லை. நாளுக்கு ஒருமுறை போதும், சிலவற்றுக்கு இரண்டு. ஈரப்பதக் கிறீமோ தேங்காயெண்ணெயோ பூசுவதானால் இடையில் 15 முதல் 30 நிமிடம் விடுங்கள், இல்லாவிட்டால் மருந்து ஐதாகி வேண்டாத இடத்துக்கும் பரவும்.

எந்த இடத்தில் பூசக்கூடாது?

தோல் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. முன்கையின் உட்பக்கம் உறிஞ்சும் அளவை 1 என்று வைத்தால், உச்சந்தலை 3.5, நெற்றி 6, தாடையோரம் 13, விதைப்பை 42. உள்ளங்கால் 0.14 மட்டும். பாதத்துக்குத் தந்த கிறீமை முகத்துக்கோ தொடையிடுக்குக்கோ பூசினால் என்ன நடக்கும் என்பதை இந்த எண்களே சொல்லும்: தோல் மெலியும், சிவப்பு நரம்பு தெரியும், கோடு கோடாகப் பிளக்கும். அந்தக் கோடு மங்கும், மறையாது. கண்ணிமையில் நீண்டநாள் பூசினால் கண் அழுத்தம் ஏறலாம். குழந்தையின் நப்கின் மூடிய இடத்தில் பூசுவது, மருந்தைப் பொலித்தீன் சுற்றிக் கட்டுவதற்குச் சமம்.

படைக்குப் பூசினேன், அரிப்பு உடனே நின்றது. விட்டதும் திரும்ப வருகிறது. ஏன்?

இந்தக் கேள்விக்காகவே இவ்வளவும் எழுதலாம். வட்டமாகப் பரவி ஓரம் சிவந்து அரிக்கும் படை பங்கசால் வருவது. ஸ்டீரொயிட் அரிப்பையும் சிவப்பையும் அடக்கும், அதோடு பங்கசை எதிர்க்கும் தோலின் காவலையும் அடக்கும். இரண்டு நாளில் சுகம் போலத் தெரியும். உள்ளே பங்கசு சாவகாசமாகப் பரவும். விட்டதும் இரு மடங்காக எழும்பும், திரும்பப் பூசுவீர்கள். சில மாதத்தில் வட்டமும் ஓரமும் கலைந்து, பார்த்த டொக்டருக்கே அடையாளம் தெரியாத நிலைக்கு வரும்.

இதில் பெரும் பங்கு ஸ்டீரொயிட், பங்கசு மருந்து, அன்ரிபயோட்டிக் மூன்றும் ஒரே ரியூப்பில் வரும் கலவைக் கிறீமுக்கு. இன்னொரு பொறி பெயரில்: குளோட்ரிமசோல் பங்கசு மருந்து, குளோபெட்டசோல் உச்ச வீரிய ஸ்டீரொயிட். பாமசியில் வாயால் சொல்லி வாங்கினால் ஒன்றுக்கு ஒன்று மாறிவிடும். துண்டை எழுதிக் காட்டுங்கள், ரியூப்பின் பின்பக்கம் உள்ள மருந்தின் பெயரை வாசித்த பிறகு காசைக் கொடுங்கள்.

செய்யவேண்டியது: ஸ்டீரொயிட்டை நிறுத்துங்கள். சில நாள் அரிப்புக் கூடும், அதை எதிர்பார்த்தே நிறுத்துங்கள். பங்கசுக் கிறீமை ஓரத்துக்கு அப்பால் இரண்டு சென்ரிமீற்றர் வரை, இரண்டு முதல் நாலு கிழமை, மறைந்த பிறகும் குறைந்தது ஒரு கிழமை பூசுங்கள். வீட்டில் வேறு யாருக்கும் இருந்தால் ஒரே நேரத்தில் வைத்தியம். துவாய், சாறம் பகிரவேண்டாம். உள்ளாடையைத் தோய்த்து வெயிலில் நன்றாகக் காயப்போடுங்கள். கடல்தண்ணீரும் வியர்வையுமாக ஈரச் சாறத்தோடு நாள் முழுக்க நிற்பவருக்கு, உடுப்பு மாற்றுவது பாதி வைத்தியம்.

பரந்திருந்தால் இற்றக்கொனசோல் போன்ற குளிசை தருவார்கள். ஃபுளூட்டிக்கசோன் அல்லது புடெசொனைட் பம்ப் எடுப்பவர் இதைக் கட்டாயம் சொல்லவேண்டும். அந்தக் குளிசை, ஈரலில் ஸ்டீரொயிட் உடைவதைத் தடுக்கும். பம்பில் எடுத்த சிறு அளவும் உடம்பில் தேங்கிக் குளிசை விழுங்கியது போல முகம் ஊதிவிடும். தோலை ஒரு கிளினிக்கிலும் முட்டை இன்னொரு கிளினிக்கிலும் காட்டுபவருக்கு இது நடக்க வாய்ப்பு அதிகம். கொப்பி இரண்டையும் ஒன்றாகக் கொண்டுபோங்கள்.

இரவில் வீடு முழுக்கச் சொறிந்தால் சிரங்காக இருக்கலாம், அதையும் இந்தக் கிறீம் மறைக்கும். வெளிறிய தேமலில் தொடுகை தெரியாவிட்டால் தொழுநோயா என்று பார்க்கவேண்டும், எந்தக் கிறீமும் பூசாமல் போங்கள்.

முகம் வெள்ளையாகிற கிறீம் ஒன்று நல்லாக வேலை செய்யுது. அதில் என்ன இருக்கும்?

பெயரோ உள்ளடக்கமோ எழுதாத டப்பா என்றால் வீரிய ஸ்டீரொயிட், ஹைட்ரோகுயினோன், பாதரசம் இவற்றில் ஒன்றோ மூன்றுமோ இருக்கலாம். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு தொடங்கி, கல்யாண அல்பத்தில் அழகாக நின்று, அதற்குப் பிறகு வெயிலில் போக முடியாமல் எரியும் முகத்தோடு வருபவர்கள் உண்டு. பரு, மயிர் வளர்தல், வாயைச் சுற்றிப் பொரிதல், பூசாவிட்டால் எரிச்சல். நிறுத்தினால் சில கிழமை, சிலருக்கு மாதக்கணக்கில் சிவந்து எரியும். மாதக்கணக்கில் பூசியவர் தோல் கிளினிக்கில் காட்டி, மென்மையானதற்கு மாறிப் படிப்படியாக விடவேண்டும். எரிச்சல் தாங்காமல் அதே டப்பாவுக்குத் திரும்புவதுதான் பெரிய கண்ணி.

குழந்தையின் கரப்பனுக்கு?

ஹைட்ரோகோர்ட்டிசோன் 1 சதவீதத்தை மேலே சொன்ன விரல் கணக்கில் ஐந்து முதல் ஏழு நாள், கூடவே தினமும் ஈரப்பதக் கிறீம். அந்தளவால் தோல் மெலியாது. பயந்து பொட்டுப் போலத் தொட்டு வைத்தால் கரப்பன் மாதக்கணக்கில் இழுபடும். பரஃபின் கலந்த களிம்பு பூசிய உடுப்பு எளிதில் தீப்பற்றும், சாமியறை விளக்குப் பக்கம் கவனம்.

எப்போது கிளினிக்கைக் காத்திராமல் ஓடவேண்டும்?

ஒரு வசனத்தை முடிக்க முடியாத மூச்சு, விலா உள்ளே இழுபடுதல், உதடு நீலம், பிள்ளை சோர்ந்து தூங்கி வழிதல், நீலப் பம்ப் நாலு மணித்தியாலம் தாங்காமை. இருக்கவையுங்கள், படுக்கவைக்காதீர்கள். நீலப் பம்பை ஸ்பேசரோடு ஒரு அடி, ஐந்தாறு மூச்சு, அடுத்த அடி என்று பத்து வரை கொடுங்கள். 1990 சுவசெரிய அம்புலன்சை முதலிலேயே அழையுங்கள், அது இலவசம். குச்சவெளி, வெருகல் போன்ற தூர இடங்களில் உள்ளவர்கள் பத்து அடியும் முடியட்டும் என்று பார்த்திருக்கவேண்டாம். தடுப்புப் பம்பில் உள்ள ஸ்டீரொயிட் இந்த நேரத்தில் உதவாது.

முடிந்த பம்பை என்ன செய்வது?

வளவில் குப்பையோடு எரிக்காதீர்கள், ஓட்டையும் போடாதீர்கள். வெறுமையாகத் தெரிந்தாலும் உள்ளே வாயு இருக்கும், நெருப்பில் வெடிக்கும். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கொண்டுபோய் மருந்து கொடுக்கும் இடத்தில் கேளுங்கள். பிளாஸ்டிக் உறையை வீசவேண்டாம், சில வேளை குப்பி மட்டும் தரும்போது தேவைப்படும். ஆனால் வேறு மருந்தின் குப்பியை அதில் செருகாதீர்கள், துவாரம் பொருந்தாமல் அளவு மாறும்.